எழுபது கஜம் தள்ளி நின்ற சேவல்

மிசோரி, அமெரிக்கா
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ரவிதேஜா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், குளிர்தான் எலும்பைக் கடிக்கிறது. நீயும் ராமுலு மாமாவும் சாய்ப்ரியாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா?

பொங்கலன்று நீ போட்ட சட்டத்தை மாற்றப்போவதில்லை என்று புரிந்துவிட்டது. பதினோரு தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. "போனில் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன். நேரில் வருகிற வரைக்கும் சொல்ல வேண்டியதைக் கையால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்பு. எழுதும்போது பொய் சொல்லக் கை கூசும்" என்று மாமாவிடம் சொல்லி அனுப்பினாய். சரி தாயே, எழுதுகிறேன். காலேஜ் முடித்த பிறகு பேனா பிடிப்பது இதுதான் முதல் தடவை. கையெழுத்தைக் கேலி செய்யாதே.

அக்கா, பெரிய சேதி. நான் வேட்டைக்காரன் ஆகிவிட்டேன்! சிரிக்காதே. ஏப்ரல் கடைசியில் இங்கே காட்டு வான்கோழி வேட்டைக்கு மூன்று வாரம் அனுமதி உண்டு. ஆண் பறவையைத்தான் சுடலாம். வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கிவிட்டேன். என்னோடு வேலை செய்கிற மேட்டுப்பாளையம் ரசாக்கும் கூட்டு. இருவரும் இதுவரை சுட்டது பொருட்காட்சி பலூனை மட்டும்தான்.

இந்த வேட்டையில் பறவையைத் துரத்திப் போவதே கிடையாது. நாம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அதை வரவழைக்க வேண்டும். பெட்டை கூப்பிடுகிற மாதிரி நாம் கூப்பிட, சேவல் நம்பி வர வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன மரப்பெட்டி விற்கிறார்கள். மூடியை ஓரத்தில் தேய்த்தால் அச்சு அசலாகப் பெட்டையின் குரல். வாய்க்குள் அடக்கி ஊதுகிற ரப்பர்த் தகடு ஒன்றும் இருக்கிறது, ரசாக் அதை முதல் நாளே விழுங்கப் பார்த்தான். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் பெட்டியைத் தேய்த்துப் பழக, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, பூனைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாய்ப்ரியாவின் காதுகுத்து விஷயம்: வாரேன் அக்கா. கண்டிப்பாக வாரேன். லீவு மட்டும் பார்க்க வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம்.

உன் தம்பி,
ரவி


காரமடை
2 மார்ச் 2025

அன்புத் தம்பி ரவிக்கு,

அக்கா வரலட்சுமியின் ஆசிகள். ரங்கநாதர் புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதுவும் நானும் பழகிவிட்டோம். உனக்குக் குளிர் என்றால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் சளி பிடிக்கும்.

உன் கடிதத்தை மாமா உரக்கப் படித்தார். பாதி எழுத்து அவருக்கே புரியவில்லை. பூனைக் கதைக்கு சாய்ப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வான்கோழி என்றால் நீ எங்களிடம் கேட்க வேண்டியதுதானே? நம் கறிவேப்பிலைத் தோட்டத்தில் மூன்று நிற்கின்றன. சேவல் இருக்கிறதே, அது குக்கர் விசிலுக்கே 'கொளகொளகொள' என்று பதில் சொல்லும். மூன்று விசிலுக்கு மூன்று பதில். மேட்டுப்பாளையம் பஸ்ஸின் ஹாரனுக்கும் தவறாமல் பதில் சொல்லும். ஆனால் இதுவரை எந்தப் பஸ்ஸிலும் ஏறியதில்லை.

இனி முக்கியமான விஷயம். சாய்ப்ரியாவுக்கு ஏழு நடக்கிறது. காது இன்னும் மூளியாகத்தான் இருக்கிறது. நம் வீட்டில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவோம், தாய்மாமன் மடியில்தான் குத்துவோம் என்று உனக்குத் தெரியும். ஒரு வயதில் குத்தலாம் என்றபோது நீ அமெரிக்கா போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று வயதில் கொரோனா, விமானம் இல்லை, அந்த வருஷம்தான் அம்மாவும் போனாள். ஐந்து வயதில், 2022இல், நீ டிக்கெட்டே போட்டாய். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

வருகிற ஜூலையில் அவளுக்கு எட்டு ஆரம்பித்துவிடும். அப்புறம் ஒன்பதுதான். ஒன்பதில் அவள் யார் மடியிலும் உட்கார மாட்டாள், இப்போதே அவ்வளவு ரோஷம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று காதில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு போகிறாள். ஆனி மாதம் ஜூன் 27, வெள்ளிக்கிழமை நல்ல நாள் பார்த்திருக்கிறோம். ரங்கநாதர் கோயிலில் வைத்துக்கொள்கிறோம். வந்துவிடு. எனக்கு இதைவிட வேறு ஆசை இல்லை.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். அம்மாவின் அறைக்கும் அடித்தாயிற்று. போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார்.

அக்கா,
வரலட்சுமி


மிசோரி
6 ஏப்ரல் 2025

என் அன்பு அக்காவுக்கு,

நலம், அங்கே எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லு. காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, கோபப்படாதே. சனி ஞாயிறு முழுவதும் காட்டில் கிடக்கிறேன்.

உன் சேவலின் குக்கர் கதை இங்கே அப்படியே பலித்துவிட்டது! காட்டு வான்கோழி சாயங்காலம் மரத்தில் ஏறி அங்கேயே தூங்கும். இருட்டுகிற நேரத்தில் ஆந்தை மாதிரி ஒரு சத்தம் கொடுத்தால், திடுக்கிட்டு ஒரு தடவை கத்திவிடும். எந்த மரம் என்று நமக்குத் தெரிந்துபோகும். நேற்று ரசாக் ஆந்தையாகக் கத்தினான். அக்கா, மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது பார் ஒரு 'கொளகொளகொள'! எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

உட்காரும் இடம்தான் பாதி வேட்டை என்று இப்போதுதான் புரிகிறது. அது தூங்குகிற மரத்துக்கு நூறு கஜத்துக்குக் கிட்டே போகக் கூடாது, பறந்துவிடும். ரொம்பத் தள்ளியும் போகக் கூடாது. நமக்கும் அதற்கும் நடுவே ஓடையோ வேலியோ இருந்தால் தாண்டி வராமல் நின்றுவிடும். பள்ளத்தில் உட்கார்ந்து கூப்பிட்டால் இறங்கி வரத் தயங்கும், மேட்டிலிருந்து கூப்பிட்டால் ஏறி வரும். நம் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக் கூடாது. சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும், வேறு வேட்டைக்காரன் நம்மைச் சுட்டுவிடுவான். அப்புறம் அசையவே கூடாது. அதன் கண் அவ்வளவு கூர்மை.

நான் ஒரு பெரிய ஓக் மரத்தைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். அதன் கீழே உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவு பாந்தமாக இருக்கிறது. இன்னும் பதினைந்து நாள்! ராத்திரி தூக்கமே வருவதில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். வாரேன் அக்கா, கவலைப்படாதே. மாமாவுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

ரவி


காரமடை
10 ஏப்ரல் 2025

அன்புள்ள ரவிக்கு,

ஆசிகள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி குறையொன்றும் இல்லை.

ஆந்தைச் சத்தம் கொடுக்கச் சொல்லி சாய்ப்ரியா மாமாவை விடவில்லை. அவர் கொடுத்த சத்தத்துக்குத் தோட்டத்துச் சேவல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நாய்தான் குரைத்தது.

இரண்டு கடிதத்திலும் சேர்த்து மூன்று 'வாரேன்' எழுதியிருக்கிறாய், ஒரு தேதிகூட எழுதவில்லை. வீட்டுப் போட்டோவைப் பார்த்தாயா என்றும் எழுதவில்லை. காட்டில் எந்த மரத்தில் முதுகைச் சாய்ப்பது என்று ஒரு மாதம் பார்த்துத் தேர்ந்தவனுக்கு, பிறந்த வீட்டின் சுவர் என்ன நிறம் என்று பார்க்க நேரமில்லையா? நீலம் அடித்திருக்கிறோம். உன் வேட்டைக்கு ஆகாத நிறம்தான், என்ன செய்வது.

பத்திரமாக இரு. துப்பாக்கியை ரசாக்கிடம் கொடுக்காதே.

அக்கா


மிசோரி
24 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

சுகம். ஆனால் மனசு ஆறவில்லை. கேள் என் கதையை.

திங்கட்கிழமை முதல் நாள். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் என் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். வெளுக்க ஆரம்பித்ததும் மேட்டிலிருந்து முதல் குரல். பெட்டியை மெல்லத் தேய்த்தேன், தூங்கி எழுந்த பெட்டை முனகுகிற மாதிரி. உடனே பதில்! படபடவென்று அது மரத்திலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. மறுபடி தேய்த்தேன். மறுபடி பதில், இன்னும் கிட்டே. என் இதயம் அடிக்கிற சத்தத்துக்கே அது ஓடிவிடும் என்று பயமாகிவிட்டது.

அப்புறம் புதருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. அக்கா! வாலை விசிறியாக விரித்து, இறக்கையைத் தரையில் உரச இழுத்து, தலை சிவப்பும் வெள்ளையுமாக மின்ன, கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். எழுபது கஜம். நாற்பதுக்குள் வந்தால்தான் சுட முடியும். நான் கூப்பிட்டேன். பதில் சொல்லியது, நகரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பதில் சொல்லியது, நகரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, நம் ஊரில் ஒரு தடவை 'வாங்க' என்று சொன்னால் அது மரியாதையா? படியேறும்போது ஒரு வாங்க, செருப்பைக் கழற்றும்போது ஒரு வாங்க, உட்கார்ந்த பிறகும் ஒரு வாங்க. அந்தப் பழக்கத்தில் நான் நிறுத்தவே இல்லை. "போதுமடா, அது பந்திக்கா வருது? வாயை மூடுடா" என்று ரசாக் பல்லைக் கடித்தான். நான் கேட்கவில்லை. நாற்பது நிமிஷம் நாங்கள் மாறி மாறி மரியாதை செய்துகொண்டோம். அப்புறம் அது வாலைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டது.

பிறகு படித்துப் பார்த்தால் தப்பு முழுக்க என்னுடையது. அவர்கள் உலகத்தில் சேவல் கூப்பிட்டால் பெட்டைதான் போக வேண்டும். இவள் இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறாளே, எப்படியும் வந்துவிடுவாள் என்று அது நின்ற இடத்திலேயே நின்று காத்திருந்திருக்கிறது. நான் கூப்பிடக் கூப்பிட அதற்கு நிச்சயம் கூடிவிட்டது. ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்று நாளாக அதையே நினைத்து அலுவலகத்தில் எல்லா வேலையும் தப்பு.

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. விட மாட்டேன்.

எல்லோர் நலத்தையும் வேண்டும்,
ரவி


காரமடை
27 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி,

ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். உன் சோகம் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது, மன்னித்துக்கொள். அந்த மரியாதைக் கதையை மாமா தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். நேற்றுப் பால்காரர் வந்து, "ஏனுங்கம்மா, தம்பி கூப்பிட்டும் வான்கோழி வரலீங்களாமே?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்று சொல்லு. கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறது. ஆசையும் இருக்கிறது, குரலிலேயே தெரிகிறது. ஆனாலும் எழுபது கஜத்தில் நின்றுவிடுகிறது. அந்த மாதிரி ஆளை எனக்கும் ஒருத்தனைத் தெரியும். அவனை என்னதான் செய்து கொண்டுவருவது? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண்டுபிடித்தால் எனக்கு எழுது.

சாய்ப்ரியா கணக்கில் நூறு வாங்கியிருக்கிறாள். கோயிலில் இடம் சொல்லிவிட்டோம்.

அக்கா,
வரலட்சுமி


மிசோரி
5 மே 2025

அக்கா அக்கா அக்கா!

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். அடித்துவிட்டேன்!

நீ கேட்டதற்கு மருந்து கிடைத்துவிட்டது. கடையில் பொம்மைப் பறவைகள் விற்கிறார்கள். பெட்டைப் பொம்மை ஒன்று, அதன் பக்கத்தில் ஓர் இளவட்டச் சேவல் பொம்மை. மீசை முளைக்காத பையன் மாதிரி, வால் சரியாக வளராதது. அதை இருபது கஜத்தில் பெட்டைக்கு ஒட்டி நிறுத்திவைத்தால் போதும். பெரிய சேவலுக்குப் பெட்டை மேல் ஆசை எவ்வளவோ, தன் இடத்தில் ஒரு பொடியன் நிற்கிறானே என்கிற ஆத்திரம் அதைவிடப் பெரிது.

சனிக்கிழமை அதே மேடு, அதே ஆள். இந்த முறை மேட்டின் மேலேயே உட்கார்ந்தோம். இரண்டே இரண்டு தடவை மெல்லக் கூப்பிட்டேன். பதில் வந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டேன், மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று. ரசாக் மட்டும் காய்ந்த இலையைக் கையால் கிளறினான், கோழி மேய்கிற மாதிரி. இருபது நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டது என்று நினைத்தேன். திடீரென்று புதரை விலக்கிக்கொண்டு வந்து நின்றது, மறுபடியும் அதே எழுபது கஜத்தில். பொம்மையைப் பார்த்தது. தலை வெள்ளையிலிருந்து ரத்தச் சிவப்பானது. அப்புறம் நடக்கவில்லை அக்கா, ஓடி வந்தது! நேராகப் பொம்மைச் சேவலின் மேல் பாய்ந்து ஒரு உதை விட்டது பார், பொம்மை பல்டி அடித்தது. ரசாக் "சுடுடா" என்று கத்தினானாம், எனக்குக் கேட்கவே இல்லை. ஒரே குண்டு.

பத்துக் கிலோ! பள்ளிபாளையம் கோழி செய்கிற மாதிரி வரமிளகாயைக் கிள்ளிப்போட்டுத் தேங்காயைப் பல்லுப் பல்லாக வெட்டிப்போட்டு வறுத்தோம். ரசாக் அழுதுகொண்டே சாப்பிட்டான், காரத்தில்.

இவ்வளவு சந்தோஷத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூனில் லீவு கஷ்டம் போலிருக்கிறது அக்கா. புது வேலை ஒன்று ஆரம்பிக்கிறார்கள். தீபாவளிக்கு நிச்சயம் முடியும். சாஸ்திரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா? மாமாவிடம் கேட்டுப் பார்.

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ரவி


காரமடை
29 மே 2025

அன்புள்ள ரவிக்கு,

ஆசிகள். நலம். நீ வேட்டையில் ஜெயித்தது சந்தோஷம். மூன்று வாரமாக எழுத முடியவில்லை, வேலை அதிகம்.

ஜூனில் முடியாது என்றால் பரவாயில்லை. நீ உடம்பைக் கெடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். இங்கே ஏற்பாடு ஆகிவிட்டது. நம் பெரியப்பா மகன் வம்சி இருக்கிறானே, அவனும் எனக்குத் தம்பிதானே, அவன் மடியில் வைத்துக் குத்திவிடுவதாக இருக்கிறோம். இருபத்து நான்கு வயதுதான், ஆனால் பொறுப்பாக எல்லாம் செய்கிறான். பட்டு வேட்டி வாங்கிவிட்டான். சீர்த்தட்டு இருபத்தொன்று வைக்கப்போகிறானாம். தினமும் சாயங்காலம் வந்து சாய்ப்ரியாவைப் பைக்கில் ஒரு சுற்று கூட்டிப்போகிறான். அவளும் மாமா மாமா என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். பத்திரிகையில் 'தாய்மாமன் வம்சி' என்று போடச் சொல்லியிருக்கிறோம்.

மற்றபடி விசேஷம் எதுவும் இல்லை. மழை ஆரம்பித்துவிட்டது.

அக்கா


மிசோரி
29 மே 2025

அக்காவுக்கு,

யாரைக் கேட்டு? யாரைக் கேட்டு இதையெல்லாம் முடிவு செய்தீர்கள்? வம்சியா? கால்சட்டையை இடுப்பில் நிறுத்தத் தெரியாமல் திரிந்த பையன், அவன் மடியிலா என் மருமகளுக்குக் காது குத்துவது? நான் செத்தா போய்விட்டேன்?

பத்திரிகையை நிறுத்து. அச்சடித்திருந்தால் கிழித்துப்போடு. இருபத்தொரு தட்டாம்! நான் ஐம்பத்தொன்று வைக்கிறேன். டிக்கெட் போட்டாயிற்று, ஜூன் 25 காலையில் கோவையில் இறங்குகிறேன். லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன், தந்துவிட்டார். வம்சியிடம் அந்த வேட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லு.

ரவிதேஜா


காரமடை
2 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். உன் கடிதத்தில் நலம் விசாரிப்பே இல்லை, ஆனாலும் நாங்கள் நலம்தான். நீ வருவது சந்தோஷம். பாவம், வம்சியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆசையாக இருந்தான்.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வராதே.

அக்கா,
வரலட்சுமி


கோவை விமான நிலையம்
30 ஜூன் 2025

என் அன்பு அக்காவுக்கு,

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பார்த்த உன்னை நலமா என்று கேட்பது சிரிப்பாக இருக்கிறது. விமானம் தாமதம். நேரில் சொல்ல வராததை எழுதிவிடுகிறேன். எழுதும்போது பொய் சொல்லக் கை கூசும் என்று நீதானே சொன்னாய்.

அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக வம்சிதான் வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு முகம் சிவந்திருக்க வேண்டும். காரில் ஏறியதும் அவனே ஆரம்பித்தான். "நானெங்கண்ணா மடியில வெச்சுக்கறது? எனக்கு அன்னைக்கு இன்டர்வியூங்கண்ணா. அக்காதான் 'நீ ஒண்ணும் செய்ய வேண்டாம் கண்ணு, சும்மா பக்கத்துல நின்னாப் போதும்'னு சொல்லுச்சுங்க. பட்டு வேட்டி எல்லாம் ஒண்ணுமில்லீங்க." ஒரு நிமிஷம் எனக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் அவிநாசி ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். நான் எழுதிக் கொடுத்த பாடத்தை வைத்தே என்னைப் பிடித்துவிட்டாய்!

ஆனால் பொம்மையை நம்பியது நான் மட்டும் இல்லை, சாய்ப்ரியாவும் நம்பிவிட்டாள். இரண்டு நாள் நான் பட்ட பாட்டை நீ பார்த்தாய். சாக்லேட், பொம்மை, கலர் பென்சில், வா கண்ணு, வா அம்மணி, மாமாகிட்ட வா என்று வீடு பூராவும் அவள் பின்னால் நடந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "எனக்கு இந்த மாமாவைத் தெரியாது. வம்சி மாமா மடிலதான் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டாள். உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏழரை வருஷம் வராதவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

வெள்ளிக்கிழமை காலையில் அவள் எப்படி என் மடிக்கு வந்தாள் என்று எல்லோரும் கேட்டீர்கள். சொல்கிறேன். நேரம் மாறியதில் நான் விடியும்போதே எழுந்துவிட்டேன். வந்ததிலிருந்து அம்மாவின் அறைப் பக்கம் போகவில்லை, நீ கவனித்திருப்பாய். அன்றைக்குப் போனேன். நீலச் சுவர். போட்டோவில் நான் பார்க்காமல் விட்ட நிறம். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, உட்கார்ந்து அழுதேன். அவள் பள்ளிக்கூடப் பை அங்கேதான் இருக்கிறது போல. வாசலில் வந்து நின்றாள். எனக்குத் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை அக்கா. திரும்பிப் பார்க்கவும் இல்லை. வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தேன். அவள் பையைத் திறந்தாள், மூடினாள், பென்சிலைக் கீழே போட்டாள், எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டே வந்தாள். கடைசியில் என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், "மாமா, ரொம்ப வலிக்குமா?"

"வலிக்கும் கண்ணு. ஒரு நிமிஷம்" என்றேன்.

"அதுக்கா அழுவறீங்க?" என்றாள். பிறகு, "அழுவாதீங்க. நான் உங்க மடிலயே உக்காந்துக்கறேன்" என்றாள். கோயிலில் ஆசாரி ஊசியை எடுத்தபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், ஊரே பார்த்தது.

இன்னும் ஒன்று. 2022இல் டிக்கெட்டை ரத்து செய்தேன் என்று சொன்னது பொய். வந்தேன். கோவையில் இறங்கி, கால் டாக்ஸியில் பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் வந்தேன். அங்கே ஒரு பேக்கரியில் டீ குடித்தேன். வீட்டுக் கதவை அம்மா திறக்க மாட்டாள் என்பது அந்த டீயைக் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் போனபோது வந்து சேராதவன் இப்போது எந்த முகத்தோடு அந்த வாசலில் நிற்பது என்று தோன்றியது. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். உன்னிடம் வேலை அதிகம் என்று சொன்னேன். என்னை மன்னித்துவிடு அக்கா.

கூப்பிட்டுவிட்டார்கள். போகிறேன்.

உன் தம்பி,
ரவி


காரமடை
1 ஜூலை 2025

அன்புத் தம்பி ரவிக்கு,

ஆசிகள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். சாய்ப்ரியாவின் இடது காது மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கிறது, தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுகிறேன். கண்ணாடி முன்னாலிருந்து அவளை இழுத்துவருவதுதான் எனக்கு இப்போது பெரிய வேலை.

நீ எழுதியது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அப்போது வம்சி பெரியநாயக்கன்பாளையத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பேக்கரிக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றவன் உன்னைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "அக்கா, அண்ணன் வந்துட்டாருங்க, டீ குடிச்சுட்டு இருக்காருங்க" என்றான். நான் உலையில் அரிசியும் பருப்பும் போட்டேன். சாய்ப்ரியாவுக்குப் பூ வைத்தேன். அரை மணி நேரத்தில் வந்துவிடுவாய் என்று வாசலில் நின்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் பயந்து ஓடிவிடுவாயோ என்று வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்றேன் ரவி. அதற்கப்புறம் உன்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீயாகச் சொல்ல வேண்டும் என்று ரோஷம்.

நீ மட்டும் தப்பு செய்யவில்லை. நம் வீட்டிலிருந்து அந்தப் பேக்கரி பன்னிரண்டு கிலோமீட்டர். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் வந்திருக்கலாம். வீட்டு வாசலைத் தாண்டி எனக்கும் கால் நகரவில்லை. இனிமேல் நீ எங்கேயாவது வந்து நின்றுவிட்டால், எந்த ஊர் என்று மட்டும் சொல்லு. அங்கேயே உட்கார்ந்து டீ குடி. நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

அக்கா,
வரலட்சுமி